உள்ளே இன்னொரு கட்டு

சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லிக்கொடுப்பது என் வேலை. அதனால் நான் தொட்டுப் பழகிய தொடைகள் எல்லாம் இறந்தவர்களுடையவை. ஃபார்மலினில் ஊறிய தசை பழம்புளி நிறத்தில், பலகைபோல விறைத்திருக்கும். தொடையின் முன்பக்கம் நான்கு தலைகளாகப் புறப்பட்டு, கீழே ஒன்றுசேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பெரிய தசையைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துக் காட்டுவேன். நான்கில் ஒரு பெயர் தடுமாறினாலும் பிள்ளைகளை லேசில் விடமாட்டேன். "சோத்துல உப்பு போட்டுத்தான சாப்புடுற?" என்று கேட்டு அழவைத்திருக்கிறேன்.

அன்று மாலை வேலை முடிந்து கடலூர் வீட்டுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது மாமனார் போன் செய்தார். என் கணவர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். காலையில் லாரியிலிருந்து உருண்ட டிரம், அவருடைய வலது தொடையைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டதாம்.

"பயப்படாதம்மா. எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பு ஒடையல. வீக்கம் ஜாஸ்தியானா ஒடனே வாங்கன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. நான் நல்லா கட்டு போட்டுட்டேன்."

நான் பதறுவேன் என்று அதுவரை சொல்லாமல் வைத்திருந்தார்கள். ரொம்ப நல்ல மனசு!

மாமா திட்டக்குடிப் பக்கத்து விவசாயி; எங்கள் வீட்டில் தங்க வந்திருந்தார். கால் ஒடிந்த மாடுகளுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் கட்டுதான். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்து இறுக்குவார். காயக் காய அது தானாகவே இன்னும் இறுகும். மகனுக்கும் அதையேதான், முட்டிக்கு மேலிருந்து தொடை முழுக்கக் கட்டியிருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டின் மேல்விளிம்பில் விரலை நுழைத்து அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. தொடை என்றால் கெட்டியாகத்தானே இருக்கும்? எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்து காபிகூடக் குடித்தேன். என் கணவர் மட்டும் பல்லைக் கடித்து முனகிக்கொண்டே இருந்தார். மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை என்றார். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, ஆறுதலுக்காக அவருடைய இடது தொடையில் கையை வைத்தேன்.

அது மெத்தென்று அமுங்கியது.

உயிருள்ள தொடை இப்படித்தான் இருக்கும். வலது தொடைதான் என் மேசையில் கிடப்பதைப்போல இருக்கிறது. இத்தனை வருஷம் பிணங்களோடு பழகிய கை, பிணத்தின் விறைப்பைப் புருஷன் காலில் தொட்டும் அதைச் சரிதான் என்று விட்டுவிட்டது.

கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கட்டப் பிரிக்காத. இப்பதான் காஞ்சி புடிக்குது."

"பிரிக்கணும் மாமா. கால் போயிடும்."

"நீ பொணத்தக் கூறு போடுறவம்மா. உசுரோட இருக்கறவன் காலு உனக்கு என்னா தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால்தான் தைத்தது. "கைய எடுங்க மாமா" என்று கத்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

பத்தையையும் துணியையும் வெட்டி எடுத்த பிறகும் தொடை இளகவில்லை. தோல் மினுமினுவென்று இழுபட்டிருந்தது. முட்டியைச் சற்றே மடக்கியதும் அவர் அலறினார். கெண்டைக்காலின் உட்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். மாமா பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாடி நல்லாத்தான ஓடுது?" என்றார். இந்த ஆபத்தில் நாடி கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை நம்பித்தான் பல கால்கள் போயிருக்கின்றன.

"உள்ள இன்னொரு கட்டு இருக்கு மாமா. தொடச் சதையச் சுத்தி, தலகாணி ஒற மாதிரி. பொறக்கும்போதே கட்டுனது. சதை வீங்குனாலும் அது விரியாது. நெரிச்சி நெரிச்சி சதையச் சாவடிச்சிடும். அறுத்துத்தான் உடணும்."

மாமா பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்க ஓடினார்.

கடலூரில் அந்நேரம் ஆள் தேடி அலைய நேரமில்லை. சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த எலும்பு சர்ஜன், போனில் பாதி கேட்டவுடனே தியேட்டரைத் தயார்செய்வதாகச் சொன்னார். பின்சீட்டில் மகனின் காலை மாமா மடியில் ஏந்திக்கொண்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் இவர் கத்துவார், மாமா முருகா என்பார். எல்லா வேகத்தடைகளையும் இந்த ஒரே ரோட்டில்தான் போட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. புதுச்சத்திரம் தாண்டியதும் கத்தல் நின்றது.

"இப்போ நோவு கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றார் அவர்.

"அப்பனே, காப்பாத்திட்டடா" என்று மாமா கும்பிட்டார். வலி தானாகக் குறைந்தால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை அந்தக் காரில் யாரிடம் சொல்வது? கார் ஓட்டிய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, "அண்ணா, வேகமாப் போங்கண்ணா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தியேட்டருக்குள் என்னை விடவில்லை. வெளியே பெஞ்சில் மாமா தன் நகக்கண்ணில் ஒட்டியிருந்த உளுத்தமாவைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "நாந்தான கட்டுனேன்" என்றார். கட்டாமல் விட்டிருந்தாலும் வீங்கியிருக்கும் என்று சொன்னேன். பாதி உண்மை. மீதியைச் சொல்ல மனசு வரவில்லை. நானும்தான் காபி குடித்தேன்.

சர்ஜன் வெளியே வந்து, உறையை நீளமாகத் திறந்துவிட்டதாகவும் காயத்தை மூடாமல் விட்டிருப்பதாகவும் சொன்னார். "தசை பொழைக்குமான்னு ரெண்டு நாள் கழிச்சிப் பாத்துதாம்மா சொல்ல முடியும். செத்திருந்தா வெட்டி எடுத்துடணும். அப்புறம் அவரால முட்டிய நீட்ட முடியாது."

அந்த இரண்டு நாளும் நான் உடற்கூறு படிக்காத சாதாரணப் பெண்டாட்டியாக இருக்கக்கூடாதா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

கட்டு பிரிக்கும்போது சர்ஜன் என்னையும் உள்ளே வரச்சொன்னார். மறைப்புத் துணியை எடுத்ததும் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பார்த்துப் பார்த்துச் சலித்த அதே தசைதான். ஆனால் சிவப்பாக, ஈரமாக இருந்தது. ஓரத்தில் ஓரிடம் மட்டும் கறுத்திருந்தது. சர்ஜன் இடுக்கியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். செத்ததா, உயிரோடு இருக்கிறதா, நீயே சொல் என்பதுபோல.

"என்னங்க," என்றேன். "முட்டிய நீட்டப் பாருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தச் சிவப்பில் ஒரு நடுக்கம் ஓடியது. நார்கள் ஒன்றாகச் சேர்ந்து இழுத்தன. முழங்கால் சில்லு துளி மேலேறி இறங்கியது.

சர்ஜன் மூச்சை விட்டார். என் கணவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "டீச்சர், அசைஞ்சுதே, அதுக்கு என்னா பேரு?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். எத்தனை பிள்ளைகளை அழவைத்த பெயர்! வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இன்னொரு தடவ ஆட்டிக் காட்டுங்க" என்றேன்.