மனைப்பிரிவில் ஒரு பந்தயம்

மாமா துபாயிலிருந்து விடுப்பில் வந்ததும் மதுரைக்குப் போய் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி அவர். முந்தைய விடுப்பில்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வண்டியைப் பார்க்கத் தெருவே கூடியது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை என்றார் அப்பா.

அவரைக் கட்டிக்கொண்டு வந்த அத்தையிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தது. அவருடைய அப்பா ஓட்டிய பழைய நூறு சிசி. அத்தைக்குக் கால்நடை மருந்தகத்தில் வேலை. நரிக்குடிப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவார். ஒரு பெண் ஆண்கள் வண்டியில் போவதை முதலில் வேடிக்கை பார்த்த ஊர்கள், பிறகு தங்கள் ஆடுகளை உத்தேசித்துப் பழகிக்கொண்டன. மாமாவால்தான் பழக முடியவில்லை.

"அதெல்லாம் ஒரு வண்டியா? பிரேக்கு பிடிச்சா அடுத்த ஊர்லதான் நிக்கும். வித்துட்டு பஸ்ஸுல போ."

"நான் போற பட்டிக்கெல்லாம் பஸ்ஸு எங்க வருது? வளைவுல உங்க வண்டி என் வண்டியப் பிடிக்குமான்னு மொதல்ல பாருங்க."

பேச்சு வளர்ந்து பந்தயமானது. தோற்றால் அத்தை வண்டியை விற்றுவிட வேண்டும்; மாமா தோற்றால் இனி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. பாலவனத்தம் போகிற வழியில் மனைப்பிரிவு ஒன்று இருந்தது. கருவேலங்காட்டை வெட்டித் தார்ச்சாலைகள் போட்டு, கல்லும் ஊன்றியிருந்தார்கள். வீடுதான் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனோம். எந்தப் பக்கமும் சாயாதவள் என்று என்னை நடுவராக்கினார்கள். நான் அத்தை பக்கம் சாய்ந்து வெகுநாளாகியிருந்தது.

முதலில் பிரேக். இருவரும் ஒரே வேகத்தில் வந்து, நான் கிழித்த சுண்ணாம்புக் கோட்டில் பிடிக்க வேண்டும். மாமாவின் வண்டி மூக்கைத் தாழ்த்தி, கயிறு கட்டி இழுத்த காளை போல நின்றது. அவ்வளவு கனமான இரும்பு அப்படி அடங்குவதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டேன். அத்தையின் வண்டி பின்சக்கரம் வழுக்கி, கீச்சிட்டுக்கொண்டே வெகுதூரம் போய்த்தான் நின்றது.

"பாத்தியா?" என்றார் மாமா.

"வளைவு இன்னும் வரல," என்றார் அத்தை.

அடுத்து, மனைப்பிரிவைச் சுற்றி வர வேண்டும். நேர்சாலையில் மாமா அம்பாகப் பறந்தார். ஆனால் அந்த வேகத்தைக் குறைக்க, வளைவுக்கு வெகுமுன்பே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. வளைவிலும் அந்த வண்டி யோசித்து யோசித்துத்தான் சாய்ந்தது. அத்தை கடைசி நொடிவரை வந்து, இடுப்பை லேசாக அசைத்தார். வண்டி சாய்ந்து, திரும்பி, நிமிர்ந்துவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் மாமாவை நெருங்கினார். நான் நடுவர் என்பதை மறந்து கத்தினேன்.

கடைசி வளைவில் ஆடுகள் வந்துவிட்டன. கருவேலம் புதருக்குள்ளிருந்து மந்தையாகச் சாலையில் இறங்கின. "ஏப்பா! ஆடு, ஆடு!" என்று ஆட்டுக்காரர் அலறினார். முன்னால் போன மாமா பிடித்த பிடியில் வண்டி அசையாமல் நேராக நின்றது. முன்சக்கரத்துக்கும் முதல் ஆட்டுக்கும் நடுவே ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும். பின்னால் வந்த அத்தையால் நிறுத்த முடியவில்லை. மாமாவை உரசாமல் விலகி, கால்மிதி தார் மீது பொறி பறக்கச் சாய்ந்து, மந்தை நடுவே கிடைத்த இடைவெளியில் புகுந்து அந்தப் பக்கம் போனார். ஒரு ஆட்டின் மேலும் படவில்லை. ஓரத்து மணலில் சக்கரம் ஏறியபோதுதான் விழுந்தார்.

மாமா ஸ்டாண்டுகூடப் போடாமல் ஓடினார். புது வண்டி தடாலென்று சாய்ந்தது.

"மாமா, கண்ணாடி ஒடஞ்சிருச்சு!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தைக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. எழுந்து உட்கார்ந்து ஆடுகளைத்தான் முதலில் எண்ணினார். மாமா அந்தக் கையைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார். சிராய்ப்பில் ஒட்டியிருந்த மணலை ஊதி ஊதித் தட்டிவிட்டார்.

"யாரு மாமா ஜெயிச்சா?"

"ஒங்க அத்தைதான் பாப்பா."

விடுப்பில் மிச்சமிருந்த நாட்களில் தினமும் சாயங்காலம் இருவரும் அதே மனைப்பிரிவுக்குப் போனார்கள். அத்தை பெரிய வண்டியைப் பழகினார். விமானம் ஏறப் புறப்பட்ட அன்று மாமா அதன் சாவியை அத்தையிடம் கொடுத்து, "இனிமே இதுலயே போ" என்றார். திருச்சுழி கடைத்தெருவில் அத்தை அந்த வண்டியில் போனபோது டீக்கடைப் பெஞ்சே எழுந்து நின்றதாக அப்பா சொன்னார்.

பந்தயத்தில் ஜெயித்து அத்தை வண்டியைப் பரிசாக வாங்கிவிட்டார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஆசையாக வாங்கியதைப் பறிகொடுத்த மாமாவை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கூடவே இருக்க முடியாத ஒருவர், நினைத்த இடத்தில் நிற்கிற வண்டியை அத்தையிடம் விட்டுப் போகிறார் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.