ஜக்கரியா நானாவின் மஞ்சள் கொடி

கடைக்குள் எது விழுந்து உடைந்தாலும் ஜக்கரியா நானா அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்து நிற்பார். தோளில் கிடக்கும் மஞ்சள் துண்டு கைக்கு வந்து தலைக்கு மேல் ஆடத் தொடங்கிவிடும். உள்ளே வர இருந்தவர் அப்படியே நின்றுவிட வேண்டும். சில்லெல்லாம் கூட்டியாயிற்று என்று பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் துண்டு தோளுக்குத் திரும்பும். கோல சிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவர் கடையில் ரொட்டி சானாய் தின்ன வருகிற எல்லாருக்கும் இது பழகிவிட்டது. "நானா, தேத்தண்ணிக்கு எப்ப பச்சக் கொடி?" என்று கேட்காதவர் குறைவு.

கேலிக்குக் காரணம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கார்ப் பந்தயத் தடத்துக்குப் போய்விடுவார். ஓட்டுவதற்கு அல்ல, வளைவில் நின்று கொடி பிடிப்பதற்கு. முன்னால் விபத்து என்றால் மஞ்சள் கொடியை வீசி, பின்னால் வருகிற கார்களின் வேகத்தைத் தணிக்க வேண்டும். கூலி கிடையாது, ஒரு சோற்றுப் பொட்டலம் தருவார்கள். சோற்றுக்கடைக்காரர் சோற்றுக்குக் கொடி பிடிக்கிறார் என்று வாத்தியாரான நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பெரிய பந்தயங்களைப் பற்றிக் கேட்டால் உம் என்று இருந்துவிடுவார். ஒற்றை ஆள் உட்காரும் குட்டிக் கார்களில் இளையவர்கள் ஓட்டும் பந்தயம் என்றால் மட்டும் கல்லில் ரொட்டி கருகினாலும் கவலையில்லை. உலக யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைக்காரன் மோட்டார் சைக்கிள் எஞ்சினை முதுகுக்குப் பின்னால் பொருத்தி ஓட்டிய முதல் ஃபார்முலா த்ரீ, பிறகு வந்த ஃபார்முலா ஜூனியர், அதற்குச் செலவு ஏறிப்போய் மறுபடி பிறந்த ஃபார்முலா த்ரீ, பழகுகிறவர்களுக்கென்று வந்த ஃபார்முலா ஃபோர்டு, போன வருஷத்தோடு மூடிய ஃபார்முலா டூ, இந்த எண்பத்தைந்தில் அதன் இடத்துக்கு வந்திருக்கும் த்ரீ தௌசண்ட் என்று, மாவை வீசிக்கொண்டே வம்சாவளி சொல்வார்.

"சின்னவன் ஓட்டட்டும்னு ஒரு ரேஸு போடுவான் வாத்தியாரே. டுயிட் உள்ளவன், காசுக்காரன், வந்து பூந்துருவான். மறுபடி அதுக்குக் கீழ ஒண்ணு போடுவான். இதான் லா மொத்தக் கதையும்."

வீட்டிலேயே ஒரு சின்னவன் இருந்தான். மகன் மூசா, ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் லோரி பழுதுபார்க்கும் செல்லனோடு சேர்ந்து, யாரோ ஒதுக்கிப் போட்ட ஒற்றை இருக்கைக் கார் ஒன்றை உயிர்ப்பித்துவிட்டான். தாய் சபுரா முதலில் மறுத்தார். கடைசியில் சம்மதித்தது ஒரே நம்பிக்கையில்தான்: பெற்றவர் வளைவிலேயே நிற்கிறார், பிள்ளைக்கு ஒன்று என்றால் முதலில் ஓடுவது அவராகத்தான் இருக்கும். கொடி பிடிப்பவர் மட்டும் நின்ற இடத்தை விட்டு ஓடக்கூடாது என்பதை நானா வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். நானாவுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு இப்பால் நின்றேன். வளைவில் மூசாவின் சக்கரம் புல்லில் இறங்கியது. கார் சுழன்று, கவிழ்ந்து, தடத்தின் நடுவிலேயே தகப்பனுக்குச் சற்றுத் தள்ளிக் கிடந்தது. பெட்ரோல் நாற்றம் வேலிவரை வந்தது. நானா ஒரே ஒரு தரம் பார்த்தார். பிறகு மகனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, வருகிற கார்களை நோக்கிக் கொடியை வீசத் தொடங்கினார்.

தடத்தில் வேலைக்கு நின்ற மற்ற ஆட்கள் காரை நோக்கி ஓடினார்கள். காருக்கு அடியிலிருந்து "வாப்பா" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் திரும்பவில்லை. கார்கள் ஒவ்வொன்றாக வேகம் தணிந்து ஒதுங்கிப் போயின. கடைசிக் கார் போகும்வரை அந்த முதுகு அசையவில்லை. இவரும் ஒரு மனிதரா என்று எனக்குத் தோன்றியது. வேலி மட்டும் இல்லாவிட்டால் நான் அவரை அடித்திருப்பேன்.

மூசாவுக்குக் கால் முறிந்தது. உயிர் தப்பியது. ஆஸ்பத்திரி வாசலில், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நானாவைக் கேட்டேன்.

"திரும்பிப் பாத்தா கை நின்னுரும் வாத்தியாரே. கை நின்னா, பின்னால வர்றவன் புள்ள மேலயே ஏத்திருவான்."

நியாயம்தான். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை.

சபுரா நியாயமே கேட்கவில்லை. ஊரார் வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எம்புள்ள வாப்பான்னு கூப்புடுறான், முதுகக் காட்டிக்கிட்டா நின்னிய?" ஆமாம் என்றார் நானா. அன்றோடு பேச்சு நின்றது. வேளைக்குச் சோறு வரும், சொல் வராது. நோன்புப் பெருநாளும் அப்படியே போயிற்று. தடத்துக்குப் போவதை நானா விட்டுவிட்டார். குட்டிக் கார்களின் கதையையும் அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன வாரம் வாசலோர மேசையில் உட்கார்ந்திருந்தேன். மூசா ஊன்றுகோலோடு கடைக்கு வந்து ஒத்தாசை செய்யத் தொடங்கியிருந்தான். பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு சபுரா வாசற்படி ஏறினார். அந்நேரம் உள்ளே ஊன்றுகோல் வழுக்கி, தட்டு நிறைய டம்ளர்களோடு மூசா விழுந்தான். "வாப்பா" என்று கத்தினான்.

கல்லாவில் இருந்த நானா வழக்கம்போல் வாசல் பக்கம் திரும்பினார். துண்டு மேலே எழுந்து ஆடியது. அன்றைக்குத் தடத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்தது அவர் முதுகைத்தான். முகத்தை இப்போதுதான் பார்த்தேன், திடுக்கிட்டுப் போனேன். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் மூசா, மூசா என்று அடித்துக்கொண்டன. கை மட்டும் அதுபாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது.

எதிரே நின்ற சபுரா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல உம்மா" என்று உள்ளிருந்து மூசாவின் குரல் வந்தது. சபுரா மீன் கூடையைக் கீழே வைத்தார். வீசிய கையைப் பிடித்து இறக்கினார். துண்டைத் தாம் வாங்கிக்கொண்டு, தோளைத் தொட்டு அவரை மகன் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு, வாசலைப் பார்த்து நின்றுகொண்டார்.