சபாபதிக்கு வேண்டாத சலுகை

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரமணிக்கு அழுகை பொங்கிவிட்டது. அவள் கைப்பையில் புத்தம் புதிய கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தது. பின்னால் வந்த கணவர் சபாபதியின் சட்டைப் பையில் இரண்டு நூறு வெள்ளி நோட்டுகள்தான் இருந்தன. காலையில் எடுத்துப் போன அதே நோட்டுகள்.

"சிங்கப்பூர்ல பெத்த மக நெறமாசமா இருக்கா. நீங்க கவுன்டர்ல நின்னு நியாயம் பேசிட்டு வர்றீங்க!"

"நியாயத்தை எங்கே பேசினா என்ன?" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டார் சபாபதி.

நடந்தது இதுதான். கடப்பிதழைப் புதுப்பிக்க இருநூறு வெள்ளி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் பாதி. ரமணி நூறு வெள்ளியைக் கட்டி, சிரித்த முகமாய்ப் புதுக் கடப்பிதழை வாங்கிக்கொண்டாள். சபாபதியோ இரண்டு நோட்டுகளை நீட்டினார். அதிகாரி ஒன்றைத் திருப்பித் தள்ளினாள். இவர் மறுபடி அவள் பக்கம் தள்ளினார். "எனக்குப் பென்ஷன் வருது, முழுசா வாங்கிக்கங்க" என்றார். "சிஸ்டம் விடாது, பாக்சிக்" என்றாள் அவள், மாமா என்று மலாயில் மரியாதையாக அழைத்து. அப்படியானால் கடப்பிதழே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

ஊரில் எந்தப் புருஷனாவது இப்படிச் செய்வானா? ஆனால் ரமணிக்கு அவரைத் தெரியும். கிள்ளான் ரயிலில் டிக்கெட் பரிசோதகராகத் தொடங்கி, தலை வெளுக்கும் வரை அதே வேலையில் இருந்தவர் அவர். மீசை அரும்பிய பையனை மடியில் இழுத்து உட்கார வைத்து, "சின்னப் பிள்ளைங்கய்யா, அரை டிக்கெட்தான்" என்று சாதிக்கும் தாய்மார்களை அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். ஒருவரையும் விட்டதில்லை. ரமணியின் சொந்தச் சித்தப்பா தம்புசாமியையே டிக்கெட் இல்லையென்று சுபாங் ஜெயாவில் இறக்கிவிட்ட மனிதர். கல்யாணமாகி மூன்றே மாதம் அப்போது. அவளுடைய அம்மா வீட்டில் அந்தக் கதையை இன்னும் சொல்லித் திட்டுகிறார்கள். ரமணி மட்டும் அன்று ராத்திரி தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். இப்படி நேரான ஒருவர் தனக்கு வாய்த்தாரே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் இன்று அவள் கழுத்தைப் பிடித்தது.

"பாதிக் காசு கொடுக்கிறவன் எப்படி உட்காருவான் தெரியுமா, ரமணி? கூனிக் குறுகி உட்காருவான். நான் நிமிர்ந்து உட்கார்ந்தே பழகினவன்."

அன்று மாலை மகள் தாமரை தொலைபேசியில் அழைத்தாள். குழந்தை குறுக்கே திரும்பியிருக்கிறதாம். புதன்கிழமை அறுவை சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்துவிட்டாராம். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சபாபதிக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா வருவாருல்ல? சின்னதுல ஊசி போடறப்போகூட அவர் கையைத்தானே பிடிச்சுக்குவேன். அப்பா இல்லாம நான் உள்ளே போகமாட்டேன்மா."

ரமணி சபாபதியைப் பார்த்தாள். தனியாகப் போய் மகள் முன்னால் நின்று, உன் அப்பா நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்க மறுத்ததால் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்? சபாபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை அவர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். கடப்பிதழ்ப் படத்துக்கு அடர்ந்த நிறச் சட்டை வேண்டும். "வா, இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்போம். இன்னிக்கு வேற ஆபீசரா இருக்கலாம்" என்றார். முருகா என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள் ரமணி.

குடிநுழைவு அலுவலகத்தில் மூத்தோருக்கான வரிசையில் ஷாஹுல் ஹமீது என்பவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். கிள்ளானில் மூன்று சாப்பாட்டுக் கடைகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுப்பவர் என்று அவரே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் புலம்பல் ஆரம்பமாகிவிட்டது.

"நூறு வெள்ளியாம்ணே! அறுபது தாண்டினவனுக்குச் சும்மா கொடுக்கணும் லா. இனிமே எத்தனை தரம் புதுப்பிக்கப் போறோம்?"

"பாய், உங்க கடையில வயசானவங்களுக்குச் சும்மாவா சோறு போட்டீங்க?"

"அது வியாபாரம்ணே!"

"இது மட்டும் என்ன? அச்சடிக்கச் செலவாகாதா? இருநூறும் கட்டணும்."

ஷாஹுல் ஹமீது ரமணியின் பக்கம் சாய்ந்தார். "அக்கா, அண்ணனுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவருக்குப் பதில் சொல்வதற்குள் சபாபதியின் எண் வந்துவிட்டது. கவுன்டரில் அதே பெண் உட்கார்ந்திருந்தாள். நஸ்ரின் என்று பெயர்ப் பட்டையில் எழுதியிருந்தது.

"மறுபடியும் நீங்களா, பாக்சிக்?" என்று மலாயில் கேட்டாள். கோபமில்லை, சிரிப்புத்தான். "இன்னிக்கும் நூறுதான்."

சபாபதி இரண்டு நோட்டுகளையும் மேசைமேல் வைத்தார். இந்த மனிதர் மறுபடி எழுந்துவிட்டால்? ஆபரேஷன் அறை வாசலில் தாமரை யார் கையைப் பிடிப்பாள்? அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி ரமணியின் குரல் எழுந்தது.

"என்னங்க, நமக்குக் கல்யாணம் ஆன புதுசுல பட்டர்வொர்த் போனோமே, எனக்கு டிக்கெட் எவ்வளவு?"

சபாபதி விழித்தார். "அது ஸ்டாஃப் பாஸ்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"காசு இல்ல."

"லீவுக்கு லீவு தாமரையை ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் கூட்டிட்டுப் போனது?"

"அதுவும் பாஸ்தான்."

"அப்பல்லாம் கூனிக் குறுகியா உட்கார்ந்தீங்க? காலை நீட்டிக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டில்ல வந்தீங்க!"

"ரமணி, பாஸ் வேற. அது உழைச்சதுக்குக் கொடுத்தது. யார்கிட்டயும் கெஞ்சி வாங்கலை."

"இதை மட்டும் கெஞ்சியா வாங்குறீங்க? வேலை பார்த்த காலம் பூரா வரி கட்டினவரு, ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் முழுசா கட்டினவரு. உழைச்சு ஓய்ஞ்சவங்கன்னுதானே குறைச்சிருக்காங்க? ரயில்வேக்காரங்க கொடுத்தா மரியாதை, இவங்க கொடுத்தா மட்டும் பிச்சையா?"

சொல்லி முடித்ததும் ரமணிக்கு மூச்சு வாங்கியது. அவரை நாலு பேர் முன்னால் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று சேலை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சபாபதி அந்த இரண்டு நோட்டுகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடும் ரயிலில் சந்தேகமான டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. கடைசியில் ஒரு நோட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பாஸ் மாதிரின்னா சரி," என்றார் மெதுவாக. "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பாவி மனுஷா என்று ரமணி மனதுக்குள் கொஞ்சினாள்.

தமிழ் புரியாத நஸ்ரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ நூறு, சரியா?" என்று கேட்டாள். "சரி" என்றார் சபாபதி. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். படமெடுக்கும் கருவியைப் பார்த்தபோதும் அதே நிமிர்வு.

பின்னாலிருந்து ஷாஹுல் ஹமீது விடவில்லை. "அண்ணே, பாஸ்னா சும்மாதானே? அப்ப முழுசையும் விடணும்ல?"

"முழு பாஸ் ரயில்வேக்காரனுக்கு மட்டும்தான் பாய். மூணு கடை வச்சிருக்கிறவருக்குப் பாதியே ஜாஸ்தி!"

வரிசையே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் ஷாஹுல் ஹமீதுதான்.

மதியத்துக்குள் கடப்பிதழ் கைக்கு வந்தது. வாங்கிய இடத்திலேயே ரமணி மகளை அழைத்தாள். "தாமரை, அப்பா..." என்று அவள் தொடங்கினாள். சபாபதி தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"புதன்கிழமை காலையில நான் உன் பக்கத்துல இருப்பேன்மா. டாக்டர்கிட்ட சொல்லிடு."

மறுமுனையில் தாமரை அழுதாளா, சிரித்தாளா என்று ரமணிக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அலுவலக வாசலென்றும் பார்க்காமல் அவர் தோளில் முகத்தைச் சாய்த்து அவள் தேம்பினாள்.

"போதும், கண்ணைத் துடை," என்றார் சபாபதி. "ஜொகூர் பாருவுக்கு எந்த ரயில்ல இடமிருக்குன்னு பார்க்கணும், அங்கிருந்து பாலம் தாண்டினா சிங்கப்பூர். ரயில் நமக்காக நிக்காது."