பதினெட்டுப் பல்

போன வாரம் அடையாறில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். சின்னப் பெண். ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணி, “பதினெட்டு பாக்கி இருக்கு சார்” என்றாள். வாய் நிறையப் பஞ்சு. இல்லாவிட்டால் “முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டிருப்பேன். பாவம், அவளுக்கு என்ன புரியும்? எனக்கே அது வெகுநாள் குழப்பம்.

யுத்தம் முடிந்து, மிலிட்டரிக்காரர்கள் மோட்டார் சைக்கிள்களை ஏலத்தில் விட்ட சமயம். நானும் அன்வரும் சேர்ந்து ஒன்று எடுத்தோம். நான் மயிலாப்பூரில் வக்கீல் குமாஸ்தா. அன்வருக்கு லஸ் பக்கம் ஒரு தகரக் கொட்டகை ஒர்க்‌ஷாப். கொட்டகை என்றதும் அந்த வாசனை வந்துவிடுகிறது பாருங்கள்: கிரீஸ், மண்ணெண்ணெய், பக்கத்துக் கடை மல்லிகைப்பூ. இன்றைக்கும் மல்லிகை வாங்கினால் எனக்குக் கிரீஸ் ஞாபகம்தான். இதை மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவரின் மகனிடமும் அதே மாதிரி வண்டி இருந்தது. அண்ணாச்சி ஒருநாள், “எம் மவன ஜெயிச்சுக் காட்டும் பாய். கடை வேன் ரெண்டும் இனிமே ஒம்ம கொட்டகைக்குத்தான்” என்றார். அன்வருக்கு உயிர் வந்தது. வேலையே வராமல், கொட்டகையை மூடிவிட்டு மாமனார் ஊரான ஆம்பூருக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் அவன்.

சாந்தோம் சாலையில் கால் மைல். நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அண்ணாச்சி மகன் ஒல்லி, அன்வர் கனத்த சரீரம். அதனால் பின்சக்கரத்தில் செயின் ஓடும் நாற்பது பல் சக்கரத்தைக் கழற்றி, நாற்பத்தைந்து பல் போட்டான். “பின்னாடி பெரிசா இருந்தா இழுப்பு ஜாஸ்தி நைனா. கெளம்பசொல்லோவே அவன வுட்டுட்டுப் பூடும்” என்றான். போட்டுவிட்டு, ஒரு நிக்காஹுக்காக இரண்டு நாள் ஆம்பூர் போனான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய இரும்புக் கடைக்காரர், “முன்னாடி பெரிசா போட்டா வண்டி பறக்கும் சாமி” என்றார். பின்னால் பெரிசு என்றால் இழுக்கும், முன்னால் பெரிசு என்றால் பறக்கும். இரண்டையும் போட்டால் இழுத்துக்கொண்டே பறக்குமல்லவா? ஒரு ஞாயிறு முழுக்க முட்டி தேய உட்கார்ந்து, முன்னால், செயினின் எஞ்சின் முனையில் இருந்த பதினாறு பல்லை எடுத்துவிட்டுப் பதினெட்டை மாட்டி மூடியை மூடினேன். அன்வரை அசத்த நினைத்துச் சொல்லவில்லை. பெட்ரோலுக்கு ரேஷன், ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

பந்தயக் காலையில் பட்டினப்பாக்கத்து மீன்காரம்மாக்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சி துண்டை வீசினார். அவர் மகன் பாய்ந்தான். எங்கள் வண்டி எப்போதும் போலக் கிளம்பியது.

“இன்னா நைனா, வண்டி தூங்கிக்கினு கீது? எய்ப்பி வுடு!” என்று ஒரு அம்மா கத்தினாள்.

தோற்று இறங்கியதும் அன்வர் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தான். அண்ணாச்சி மகன், “என்ன பாய், வண்டிக்கு நோகாம ஓட்டுதீரு?” என்று சிரித்தான்.

“கணக்கு தப்பாப் பூட்சுபா. என் கணக்குதான்” என்றான் அன்வர். என் பக்கம் திரும்பவில்லை.

ஆபீசில் ஒரு பழைய வக்காலத்தின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன். நாற்பதைப் பதினாறால் வகுத்தால் இரண்டரை. நாற்பத்தைந்தைப் பதினெட்டால் வகுத்தாலும் இரண்டரை. அவன் கூட்டியதை நான் துல்லியமாகக் கழித்திருக்கிறேன்! சாயங்காலம் சொல்லிவிடப் போனேன். “வா நைனா, டீ சாப்டு” என்றான். சாப்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

வேன்கள் வரவில்லை. மூன்றாம் மாதம் அன்வர் ஆம்பூருக்குப் போய்விட்டான். வண்டியை விற்குமுன் என் தப்பையாவது எடுத்துவிடலாம் என்று மூடியைக் கழற்றினேன். உள்ளே பதினாறு பல் இருந்தது.

கொட்டகை போய், பூக்கடை போய், சாந்தோம் சாலையில் இப்போது பத்தடி தூரம் காலியாக இல்லை. அந்தப் பதினெட்டுப் பல் சக்கரத்தை அவன் எங்கே போட்டான் என்றுதான் தெரியவில்லை.