கதவைப் பிடித்திருந்த கார் புரோக்கர்

அந்தப் பழைய காரை வாங்கின கதையை உனக்குச் சொல்லலையே, காமாட்சி! பாலக்கரை புரோக்கர் ஒருத்தர் கொண்டாந்து காட்டினார். நல்ல ஒல்லி. நம்ம மாவு மில்காரர் ஜாடை. அந்த மில்காரர் மிளகாய் அரைச்ச கையோட கோதுமையை அரைச்சுட்டாரு, அதை அப்புறம் சொல்றேன். இவர் பேசுறதுக்கு முன்னாடி, மாட்டைத் தட்டுற மாதிரி வண்டியைத் தட்டுவார். “பிரேக்கு புதுசும்மா”ன்னார்.

மருமக லைசென்ஸ் வாங்கின புதுசு. ஓட்டிப் பார்க்க ஏறினா. நான் பின்னாடி, மடியில பேரன். காவேரிப் பாலத்துல பார்க்கிறேன், அவ பக்கத்துல உட்கார்ந்த மனுஷன் கதவைப் பாதி திறந்து பிடிச்சிருக்கார், குதிக்கத் தயாரா! பேரனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அவரைக் கேட்டேன்:

“பிரேக்கு நல்லாயிருக்குன்னீங்களே, கதவை ஏங்க பிடிச்சிருக்கீங்க?”

“பிரேக்குக்கு நான் கேரண்டிம்மா. ஓட்டுறவங்களுக்கு யாரு கேரண்டி?”

மருமகளுக்கு வந்துச்சே கோபம்! அந்த நேரம் பார்த்து எதிர்ல ஒரு எருமை. அழுத்தினா பாரு, வண்டி அப்படியே நின்னுடுச்சு. மனுஷன் எப்பவோ ரோட்டுல நிக்கிறார்!

துண்டை உதறிக்கிட்டு, “ஓட்டுறவங்களுக்கும் கேரண்டி தரேம்மா, தைரியமா வாங்குங்க”ன்னார்.

“அப்ப ஏறுங்க”ன்னேன். சிரிச்சுட்டு, பின்னாடி வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போயிட்டார்.

வாங்கிட்டோம், வண்டியும் நல்லாத்தான் ஓடுது. ஆனா அவர் ஏன் ஏறலைன்னு... ஐயோ, குழாயில தண்ணி வந்துடுச்சு, குடத்தை வெச்சுட்டு வரேன்!