மாப்பிள்ளை முகத்தில் மஞ்சள்

பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கலர் பார்ப்பது என் வேலை. சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியை, வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொண்ட சாம்பிள் துண்டோடு வைத்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்ல வேண்டும். துளி சிவப்பு கூடியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு ஸ்டூடியோவில் போட்டோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தாள். மணப்பெண்ணின் முகப்பருவை எடுப்பாள். குரூப் போட்டோவில் கண்ணை மூடிவிட்ட தாய்மாமனுக்கு, இன்னொரு படத்திலிருந்து அவருடைய திறந்த கண்ணையே எடுத்து வந்து வைப்பாள். மகள் பிறந்ததும் அந்த வேலை நின்றது. குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அதன்பின் யார் வீட்டுக்குப் போனாலும் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவார்கள். "பொண்ணு லட்சணமா இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். இவள் தலையாட்டுவாள். வெளியே வந்ததும், "கழுத்துக்கிட்ட வெட்டுனது அப்படியே தெரியுதுங்க" என்பாள். வண்டியில் வீடு வரும்வரை அந்தக் கழுத்தைப் பற்றியே பேச்சு நடக்கும்.

ஓர் ஆடி மாதம், மகளுக்கு மூன்று வயதிருக்கும், ஸ்டூடியோக்காரர் போனில் கூப்பிட்டார். வீட்டிலேயே சொந்தமாக சிஸ்டம் போட்டுக்கொண்டால் ஆவணி முகூர்த்தங்களிலிருந்து ஆல்ப வேலை தருவதாகச் சொன்னார். முதலில் சாம்பிளாகச் சில பக்கங்கள் செய்து தர வேண்டும். அது சரியாக வந்தால் வருகிற கல்யாணமெல்லாம் இவளுக்கு. இல்லையென்றால் கோயம்புத்தூரில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், அவருக்கு. மனைவி போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள். எவ்வளவு ஆசை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. கம்பெனியில் மதியச் சாப்பாட்டு வேளையில் விசாரித்தேன். கட்டிங் மாஸ்டர் பிராசஸர்தான் முக்கியம் என்றார். அக்கவுண்ட்ஸ் தம்பி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் படமே தெரியாது என்று பயமுறுத்தினான். அயர்னிங் செக்‌ஷனில் ஒருவர், எதை வாங்கினாலும் ஆறு மாதத்தில் பழசாகிவிடும் என்று ஆசீர்வதித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் பாடம் நடத்தினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள்.

"மெமரி தாராளமா வேணுங்க. கலரை நேரா காட்டுற மானிட்டர் வேணும். மத்ததெல்லாம் சுமாரா இருந்தாலும் போதும்."

ஆகட்டும் என்றேன். வீட்டுக்காரி சொல்வதைப் புருஷன்மார் எப்படிக் கேட்பார்களோ அப்படிக் கேட்டேன் என்பது கடைக்குப் போனபின் தெரிந்தது.

கடையில் பாகங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் அவர்களே பூட்டிக் கொடுப்பார்கள். நுழைந்ததும் ஒரு கேபினட் என்னைப் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல லைட்டு, லைட்டோடு சுற்றும் ஃபேன். நானும் மூன்று வயது மகளும் அதன் முன்னால் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றோம். பிறகு சுதாரித்துக்கொண்டு பவர் சப்ளையைக் கையில் தூக்கி எடை பார்த்தேன். துணியைக் கையில் எடுத்ததும் கனம் பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களின் கைப்பழக்கம். "இது லேசா இருக்குதே, கனமா ஒண்ணு காட்டுங்க" என்றேன். கடைக்காரர் மரியாதையோடு பார்த்தார். பவர் சப்ளையில் கனமானது பெரும்பாலும் நல்லதாக இருக்குமாம். அன்று நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். தெரிந்து சொன்னதல்ல.

மானிட்டரில்தான் சண்டை வந்தது. தட்டை மானிட்டர்கள் அப்போதுதான் கம்பெனி கம்பெனியாக வந்துகொண்டிருந்தன. எனக்கு அதுதான் வேண்டும். மனைவியோ மூலையில் இருந்த, பின்பக்கம் அடுப்பு மாதிரி பெருத்த கண்ணாடி மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிடியையும் ஒரு பிரிண்டையும் எடுத்தாள். அவள் முன்பு செய்த கல்யாணப் படம் ஒன்று, சிடியிலும் அதுவே, காகிதத்திலும் அதுவே. இரண்டு மானிட்டரிலும் அந்தப் படத்தைப் போடச் சொன்னாள்.

"இதுல எந்திரிச்சா ஒரு கலரு, உக்காந்தா ஒரு கலரு காட்டுதுங்க" என்றாள், தட்டையைப் பார்த்து.

கலர் பார்க்கிறவன் நானிருக்க இவள் தீர்ப்புச் சொல்வதா? எங்கள் வழக்கப்படி சோதித்துவிடலாம் என்றேன். திருப்பூரில் துணி நிறத்தில் சந்தேகம் வந்தால், காதர்பேட்டைக் கடையானாலும் பெரிய கம்பெனியானாலும், கையோடு துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவோம். வெயில் வெளிச்சத்தில் பார்த்தால்தான் மனசு ஆறும். கடைக்காரரிடம் நீள ஒயர் வாங்கி, தட்டை மானிட்டரைப் படியோரம் ஸ்டூல் போட்டு வைக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வியாபாரி.

நல்ல உச்சி வெயில். ஸ்கிரீனில் மணப்பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கறுப்புப் பலகைக்குள் என் முகம் மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தது. அடுத்த கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "சார், கரண்ட் இல்லீங்களா?" என்று விசாரித்தார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்ணாடி மானிட்டரே முடிவானது. பிறகு கடைக்காரர் தயங்கித் தயங்கி, நீல லைட்டுப் பெட்டியை எடுத்தால் எங்கள் கையிலிருக்கும் காசுக்கு மெமரியைப் பாதியாகக் குறைக்க வேண்டிவரும் என்றார். நான் மகளைப் பார்த்தேன். மகள் லைட்டைப் பார்த்தாள்.

"அந்த லைட்டு ஆல்பத்துல வருங்களா?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

சாதாரணப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டோம். மகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதாள். நான் அழவில்லை.

கடையில் தோற்றவன் வீட்டிலாவது உபகாரம் செய்ய நினைத்தேன். சிஸ்டம் வைத்த அறைக்கு மேற்கு ஜன்னல். மத்தியானத்துக்கு மேல் மானிட்டர் கண்ணாடியில் வெயில் அடித்தது. பக்கத்து நிட்டிங் கம்பெனியின் பஞ்சு வேறு பறந்து வரும். ஒரு திரை தைத்தேன். எங்கள் ஊரில் திரைத்துணியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட துணிதான் ஜன்னலுக்கும் தலையணைக்கும் கரித்துணிக்கும். நானே நிறம் சரியில்லை என்று கழித்த அருமையான ஆரஞ்சுத் துணி கிடந்தது. மாட்டியதும் அறையே ஜொலித்தது. மனைவிக்கும் பிடித்திருந்தது.

மகள் மத்தியானம் தூங்கும் நேரத்தில் அவள் சாம்பிள் பக்கங்களைச் செய்தாள். பழையபடியே மெதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். முடித்து சிடியில் போட்டு அனுப்பினோம். ஸ்டூடியோக்காரர் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அம்மிணி, பொண்ணு மஞ்சள் தேச்சுக் குளிச்சுது, செரி. மாப்பிள்ளை எதுக்குங் கண்ணு குளிச்சாரு?"

அவர் நல்ல மனுஷர். குத்திக் காட்டவில்லை, சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் ஆவணி முதல் முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் கோயம்புத்தூர்க்காரரிடமே கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். மனைவி, செரிங்க என்று மட்டும் சொல்லி வைத்தாள். மறுநாள் பிரிண்ட் வந்தது. ஐயரிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை எல்லாரும் மஞ்சள் காமாலை கண்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கிரீனில் பார்த்தால் எல்லாரும் ஆரோக்கியமாகவே இருந்தார்கள்.

"எனக்குக் கண்ணு போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றாள். "மூணு வருசம் அடுப்படியிலயே நின்னா எப்படி இருக்கும்."

கோயம்புத்தூர்க்காரருக்கும் காமாலை வர வேண்டிக்கொள்ளலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் ஜோக் சொல்லி அவள் சிரிக்காதது அபூர்வமில்லை. திட்டக்கூட இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அவள் சிஸ்டத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். தூங்கி எழுந்த மகள் வெள்ளைப் பெட்டிகோட்டோடு அந்த அறைக்குள் வந்தாள். மனைவி அவளையே பார்த்தாள். கூடத்துக்குப் போ என்றாள். மறுபடி வா என்றாள். மகளுக்கு விளையாட்டாகிவிட்டது, போய்ப் போய் வந்தாள். கூடத்தில் பால் வெள்ளையாக இருந்த பெட்டிகோட், அறைக்குள் நுழைந்ததும் பப்பாளிப் பழமாக மாறியது. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கம்பெனியில நீங்க எந்த லைட்டுல துணி பாப்பீங்க?"

கலரைப் பற்றி என்னிடம் யாராவது சந்தேகம் கேட்டால் நான் குஷியாகிவிடுவேன். அதற்கென்றே ஒரு லைட் பெட்டி இருக்கிறது, உள்பக்கம் முழுக்கச் சாம்பல் பெயிண்ட், பக்கத்தில் கலர் எதுவும் இருக்கவே கூடாது, சுவர் ஆரஞ்சாக இருந்தால் கண் அதற்குப் பழகிப்போய் சரியான வெள்ளையையே நீலம் என்று நினைத்துக்கொள்ளும், அப்புறம் அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மஞ்சளைக் கூட்டிக்கூட்டி...

அங்கேயே நிறுத்தினேன். அவள் கண் ஜன்னலில் இருந்தது. நான் எழுந்து போவதற்குள் அவளே திரையை இழுத்த இழுப்பில் கம்பியும் சேர்ந்து வந்தது.

அதுவரை ஸ்டூடியோக்காரரிடம் தானாகப் போன் போட்டு அவள் எதுவும் கேட்டதில்லை. கூச்சம். அன்று என் போனைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அண்ணா, என்ர கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. ஊட்டு வெளிச்சந்தான் தப்பு. அதே பக்கத்தை இன்னொருக்கா செஞ்சு அனுப்பறேன். அதைப் பாத்துப்போட்டு யாருக்குக் குடுக்கறதுன்னு சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமைக்குள் வந்தால் பார்ப்பதாகச் சொன்னார். கம்பெனியில் மிச்சம் கிடந்த சாம்பல் துணியைக் கொண்டுவந்தேன். கொண்டுவரச் சொன்னது அவள். அதில் ஒரு துண்டு வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஜன்னலில் மாட்டவிட்டாள். பக்கங்களை முதலிலிருந்து செய்தாள். நானே அவிநாசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாம்பிள் எப்படி இருந்தது என்று அவர் சொல்லவே இல்லை. வியாழக்கிழமை என்னை ஸ்டூடியோவுக்கு வரச்சொல்லி, ஒரு முழுக் கல்யாணத்தையும் சிடிகளாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தார். முதல் முகூர்த்தத்துக் கல்யாணம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். நேரே சிஸ்டத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஸ்கிரீனில் புது மாப்பிள்ளை ஒருவர் வந்தார். காது ஓரத்தில் வேர்வை, நெற்றியில் ஃப்ளாஷ் வெளிச்சம். அவள் முணுமுணுப்பு தொடங்கியது. கிட்டே நின்று பார்க்கலாமென்று பின்னால் போனேன்.

"தள்ளி நில்லுங்க. உங்க சட்டை கண்ணாடியில விழுகுது."

என் சட்டை நல்ல ரோஸ். கழற்றிக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு வந்தேன். அவள் திரும்பி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். வெள்ளைதான், பாஸ் ஆகிவிட்டது.