மாப்பிள்ளை பார்க்கப் போன மலையில் பச்சை விரியன்

தங்கச்சிக்கு வந்த முதல் சம்பந்தம் கெட்டுப்போனதிலிருந்து எனக்கு யாரையும் லேசில் நம்பத் தோன்றுவதில்லை. அந்த ஆள் மோதிரத்துக்கு விரல் அளவு வரைக்கும் எடுத்துக்கொண்டு போனவன். அவனுக்குக் கொழும்பில் ஒரு மனைவியும் கைக்குழந்தையும் இருப்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன பெண் ஒருத்தி கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்லித்தான் தெரியவந்தது.

அப்பா இல்லை. அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். தங்கச்சியின் கலியாணப் பொறுப்பு என் தலையில்தான். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருக்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தப் பிள்ளை எதை வாய்க்குள் ஒளித்து வைத்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரிய ஆட்களையும் அப்படியே பார்க்கும் பழக்கம் எப்போது வந்தது என்று தெரியவில்லை.

இரண்டாவது சம்பந்தம் ராகலைப் பக்கத்திலிருந்து வந்தது. பையன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, அம்மாவுக்கு ஒரே மகன், குடிப்பழக்கம் கிடையாது என்று தரகர் சொன்னார். போனில் முதல் தடவை பேசியபோது அந்தப் பையனே என்னிடம் ஒரு யோசனை சொன்னான்.

"அக்கா, வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டா எல்லாரும் பொம்ம மாதிரி இருப்போம். எங்கயாச்சும் வெளியில போவோமா? சோறு கட்டிக்கிட்டுப் போனா நல்லாப் பேசலாம்."

தங்கச்சிக்கு அது பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவன் ஏன் வீட்டுக்கு வரத் தயங்க வேண்டும்? வரிசையாக வீடுகள் இருக்கிற லயத்தில் நாலு பேர் பார்த்தால் என்ன நட்டம்? யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று பயமா?

"அக்கா, நீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிக்காத," என்றாள் தங்கச்சி. அவள் ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அளந்துதான் பேசுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த நாளில், அவனும் அவன் அம்மாவும் வேன் பிடித்து எங்கள் றொசல்லைக்கு வந்து இறங்கினார்கள். நான், என் வீட்டுக்காரர், தங்கச்சி மூன்று பேரும் ரோட்டில் காத்திருந்தோம். ஐந்து பேருமாக எங்கள் தோட்டத்தின் எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினோம். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அங்கே ஓடை ஓரமாக ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. லீவு நாட்களில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் குளிக்கப் போகிற இடம்.

ஏறும்போதே நான் அவனைக் கவனித்துக்கொண்டு வந்தேன். காலில் சப்பாத்து புதிதாகப் பளபளத்தது. கடையில் நிற்கிற ஆள் என்றார்கள். உள்ளங்கை ஏன் அப்படிக் காய்த்துக் கிடக்கிறது? போன் அடித்தால் எடுத்துப் பார்ப்பான், சத்தத்தை அமர்த்திவிட்டுச் சட்டைப் பைக்குள் போடுவான். நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவன் அம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"தம்பி, கடையில என்ன வேலைங்க?"

"சூப்பவைசர் மாதிரிங்க," என்றார் அம்மா. "இவன் இல்லாட்டி அங்க ஒண்ணும் நடக்காது."

அவன் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவதற்குக் குனிந்தான். நிமிர அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பாதி வழியில், மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளிருந்து ஒரு சாரைப் பாம்பு வழுக்கிக்கொண்டு பாதையைக் கடந்து போனது. நாங்கள் நின்றோம். அது ஒன்றும் செய்யாது என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"எம் மகன் பாம்பு கீம்புக்கெல்லாம் பயப்பட மாட்டான்," என்றார் அம்மா. "சின்னதுல கையாலயே புடிச்சுத் தூக்கி எறிவான்."

அவன் முகம் வெளுத்திருந்தது போல எனக்குப் பட்டது. இதுவும் பொய், என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

பாறையில் பாயை விரித்தோம். ரொட்டி, கட்டச் சம்பல், கோழிக் கறி எல்லாம் கொண்டுபோயிருந்தேன். ஓடைச் சத்தமும் காட்டின் குளிர்ச்சியும் சேர்ந்து, உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அவன் தங்கச்சியிடம் ஏதோ கேட்டான், அவள் சிரித்தாள். முதல் சம்பந்தத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது.

சாப்பிட்டு முடிகிற நேரம் அவன் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எழுந்துவிட்டான்.

"சிக்னல் இல்ல, கொஞ்சம் அங்கிட்டுப் போய்ப் பேசிட்டு வந்துர்றேன்."

தேயிலை ஓரத்தில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. பெரிய மரமில்லை, ஆளுயரத்துக்குக் கிளை விட்டுப் புதராகப் பரந்து கிடக்கும். அதற்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு பேசினான். நான் கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு, "கொய்யா பழுத்திருக்கு, நாலு பறிச்சிட்டு வாறேன்" என்று எழுந்தேன். தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எதற்குப் போகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"இல்லடா, இன்னும் சொல்லல. அம்மாவுக்கே தெரியாது. இவங்ககிட்ட இப்ப எப்படிடா சொல்றது? மொதல்ல முடிவாகட்டும், பொறகு பாப்போம்."

இன்னொரு மனைவி, இன்னொரு குழந்தை என்று மனம் எங்கெங்கோ ஓடியது. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் பெயர் ஏதாவது காதில் விழும் என்று கிளையை விலக்கினேன். பறிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று கையை மேலே நீட்டினேன். கண் அந்தப் பக்கம் இருந்தது. கை போன இடத்தை நான் பார்க்கவில்லை.

முதலில் முள் குத்தினது போல்தான் இருந்தது. இழுத்துக்கொண்டு பார்த்தால், என் கைக்கு ஒரு முழம் தள்ளி, கிளையில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறது. இலையும் அதுவும் ஒரே பச்சை. உடம்பில் அங்கங்கே கறுப்புக் கோலம். முக்கோணத் தலை. கடித்துவிட்டு ஓடவும் இல்லை, அசையவும் இல்லை. மறுபடி கை வருமா என்று பார்ப்பது போல அங்கேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் ஆள்காட்டி விரலின் அடியில் நெருப்பை வைத்தது போல் எரியத் தொடங்கியது. நான் கத்தினேன்.

அவன் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்தான், கிளையைப் பார்த்தான். அடுத்த நொடி திரும்பித் தேயிலைக்குள் பாய்ந்து கீழே ஓடினான். பாதையில்கூட ஓடவில்லை, செடிகளை முட்டிக்கொண்டு ஓடினான். ஒரு சப்பாத்து கழன்று கானில் கிடந்தது. அவன் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரரும் தங்கச்சியும் ஓடி வந்தார்கள். தங்கச்சி என்னைத் தூரமாக இழுத்து உட்கார வைத்தாள்.

"பச்ச விரியன்தான்," என்றார் என் வீட்டுக்காரர். அடிக்கக் கம்பு தேடினார்.

"விடுங்க மச்சான், கிட்டப் போகாதீங்க. தள்ளி நின்னு ஒரு போட்டோ மட்டும் எடுங்க. டாக்டருக்குக் காட்டலாம்," என்றாள் தங்கச்சி. வீங்குவதற்கு முன் என் மோதிரத்தையும் வளையலையும் கழற்றினாள்.

பையனின் அம்மா முந்தானையைக் கிழிக்கப் போனார். "இறுக்கிக் கட்டுங்க புள்ள, வெசம் ஏறிரும்! எங்க பக்கம் மந்திரிக்கிற ஆள் இருக்காரு, போன் போட்டாலே எறக்கிருவாரு!"

"கட்டக் கூடாதுங்க. கைய ஆட்டாம வச்சிருந்தாப் போதும். ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்," என்றாள் தங்கச்சி.

"எம் மகன் எங்க?" என்று அப்போதுதான் அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினார்கள். வலி மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. அந்த வலிக்குள்ளும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. பார்த்தாயா, ஓடிவிட்டான் பார்த்தாயா என்று தங்கச்சியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மலைப்பாதை ரோட்டைத் தொடுகிற வளைவுக்கு வரும்போது ஒரு ஆட்டோ தடதடவென்று ஏறி வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் வெறும் கால். முழங்கையெல்லாம் தேயிலைக் குச்சி கீறிய ரத்தம்.

"ஏறுங்க அக்கா," என்றான். என் கண்ணைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான். போட்டோவைக் காட்டினோம். இந்தப் பாம்புக்கென்று தனி ஊசி கிடையாது, வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்துக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்து உறைகிறதா என்று பார்த்தார்கள். வீக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று என் கையில் பேனாவால் கோடு போட்டார்கள். கோடு ஏறிக்கொண்டே போய், முழங்கைக்குக் கீழே நின்றது. உயிருக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் என் வீட்டுக்காரர் கதிரையில் உட்கார்ந்தார்.

மறுநாள் பின்னேரம் எல்லோரும் பார்க்க வந்தார்கள். பக்கத்துக் கட்டில் பெண் என்ன நடந்தது என்று கேட்டதும் பையனின் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"எம் மகன் குறுக்க பாய்ஞ்சு பாம்பத் தள்ளிவிட்டுட்டு, ஒரே ஓட்டமா ஓடி ஆட்டோவக் கொண்டாந்து, இந்தப் புள்ள உசுரக் காப்பாத்துனான்."

நான் அவனைப் பார்த்தேன். இந்தக் கதையை எடுத்துக்கொள்ளத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

"இல்லம்மா," என்றான். "நான் பாம்பத் தொடவே இல்ல. பயந்து ஓடுனேன்."

"ஆட்டோவுக்குத்தானடா ஓடுன?"

"ஆட்டோவ நெனச்செல்லாம் ஓடல. ரோட்டுக்கு வந்தப்பறம், அங்க ஆட்டோ நின்னதக் கண்டப்பறம்தான் அக்கா நெனப்பே வந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினான். "மன்னிச்சிருங்க அக்கா. எனக்குப் பாம்புன்னா சின்னதுலேருந்தே ஆகாது."

அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது. இப்படி ஒன்றை ஒத்துக்கொண்டு வேறொன்றை மறைக்கிறானோ? கை தெறிக்கிற வலியில் எனக்குச் சுற்றி வளைத்துப் பேசப் பொறுமையில்லை.

"சரி தம்பி. கொய்யா மரத்துக்கிட்ட போன்ல பேசுனது யாருகிட்ட? எங்ககிட்ட என்னத்த இன்னும் சொல்லல?"

தங்கச்சி "அக்கா!" என்றாள். அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, போனை எடுக்காமலே மறுபடி வெளியே எடுத்தான்.

"கூட வேலை செய்ற ஆளுகிட்ட," என்றான். "கொழும்புல கடைய மூடிட்டாங்க அக்கா. கொஞ்ச நாளாச்சு. நான் அங்க போறதில்ல. நுவரெலியாவுல மரக்கறி லொறிக்கு மூட்ட ஏத்துறேன். அங்கயே ரூம்ல இருக்கேன். அம்மாவுக்குச் சொல்லல, ஊரெல்லாம் சூப்பவைசர்னு சொல்லி வச்சிருக்காங்க."

அவன் அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள்.

அன்று எங்கள் அம்மா குவைத்திலிருந்து வீடியோவில் வந்து அழுதார். கையைக் காட்டு, காட்டு என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பையன் எப்படிடி?"

"ஏதோ ஒளிச்சான்னு நெனச்சேன், ஒளிச்சுத்தான் இருந்தான். பயந்தாங்கொள்ளியும்தான்," என்றேன். "ஆனா நல்லவனா கெட்டவனான்னு எனக்கு இன்னும் புடிபடலம்மா."

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் நான் இருந்தேன். லொறியில் மூட்டை ஏற்றுவதை நான் குறையாக நினைக்கவில்லை. மூட்டைக் கதையும் உண்மையா என்பதுதான் என் கேள்வி. தங்கச்சி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லியிருந்தாள்.

என் விரல் மடங்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தாள். கையில் ஒரு பெரிய உரப்பை. அதற்குள் லீக்ஸ், கரட், இலை சுருண்ட ஒரு கோவா.

"ஏது இவ்வளவு மரக்கறி?"

"நுவரெலியாவுக்குப் போனேன்."

"யாரு கூட?"

"தனியாத்தான். சொல்லாமப் போயி தூரமா நின்னு பாத்தேன்."

அவள் மரக்கறியை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள்.

"என்ன பாத்த?"

"லீக்ஸ் மூட்டையத் தலையில வச்சிக்கிட்டுப் பலகையில ஏறிக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நேரம் பாத்தேன். என்னயக் கண்டதும் மூட்டையோட அப்படியே நின்னுட்டாரு. எறக்கி வைங்க, கழுத்து ஒடிஞ்சிரும்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, டீ குடிச்சோம். இதெல்லாம் அவரு கட்டிக் குடுத்தது," என்றாள். கோவாவை என் பக்கம் உருட்டிவிட்டாள். "இத இப்பவே அரிஞ்சு வை அக்கா. நாளைக்கு வாடிப் போகும்."